23 பாடல்களில் ஒன்று

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ராக் குழு பிக்சிஸ். 1987இல் வந்த அதன் முதல் இசைத்தட்டில், பேஸ் கிதார் வாசித்தவர் பெயர் ‘திருமதி ஜான் மர்ஃபி’ என்றிருக்கிறது. கிம் டீல்தான் அவர். கணவன் பெயருக்குள் மனைவி காணாமல்போகும் வழக்கத்தைக் கேலி செய்யவே அப்படிப் போட்டுக்கொண்டார்.

2004இல் குழுவின் தேர்ந்த பாடல்கள் ‘வேவ் ஆஃப் மியூட்டிலேஷன்’ என்ற தொகுப்பாக வந்தன. மொத்தம் 23. கிம்முக்கு எழுத்தில் பங்குள்ளது ‘ஜைகான்டிக்’ ஒன்றில்தான். அவரது பேஸில் அடங்கித் தொடங்கி, பிறகு வெடித்தெழும் பாட்டு அது. ஒரு பெண்ணின் ஆசையைக் கூச்சமில்லாமல் சொல்கிறது; பாடுவதும் அவரே. 1988இல் குழுவின் முதல் சிங்கிளாக வெளிவந்ததும் அதுதான். அவர் பிளாக் பிரான்சிஸுடன் சேர்ந்து எழுதிய ‘சில்வர்’ தொகுப்பில் இல்லை.

தொகுத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழுவின் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை பிரான்சிஸ் எழுதியவை. தொகுப்பு அந்தக் கணக்கையே திருப்பிச் சொல்கிறது. கிம்மிடம் பாட்டு இல்லாமலா? அவர் தொடங்கிய பிரீடர்ஸ் குழுவின் ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ 1993இல் வெளியாகி, அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டது. அதன் பாடல்களில் பெரும்பாலானவை அவருடையவை.

‘சிறந்தவை’ என்று அட்டையில் அச்சாகும் முன்பே, யாருக்கு எழுத இடம் கிடைத்தது என்பது முடிவாகிவிடுகிறது. பிக்சிஸ் தொகுப்பை ரசித்துக் கேளுங்கள், தோழிகளே. கையோடு ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ஷையும் கேளுங்கள். விடுபட்டது எவ்வளவு என்பது அப்போது காதில் விழும்.