பிளஸ் ஒன் சேர்க்கை மேசைக்கு முன்னால்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாட்களில் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில் கூட்டம் நிற்கும். மேசைக்கு அந்தப் பக்கம் சேர்க்கைப் பொறுப்பு ஆசிரியர். இந்தப் பக்கம் மார்க் ஷீட்டோடு ஒரு மாணவி, பின்னால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா. “மார்க் எவ்வளவு?” “நானூத்தி இருபது சார்.” “அப்போ பர்ஸ்ட் குரூப் எடுத்துக்கோம்மா.” அடுத்து நிற்பவருக்கு முந்நூற்றுச் சொச்சம், அவருக்கு காமர்ஸ். அதற்கும் கீழே என்றால் தொழிற்கல்விப் பிரிவு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

பிளஸ் டூ முறை 1978இல் தமிழ்நாட்டுக்கு வந்த நாள் முதல், மாணவர்களின் பாதை பிரியும் இடம் இந்த மேசைதான். கணிதம் இல்லாத குரூப்பை எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வின் கதவு அன்றே ஏறக்குறைய மூடிவிடும். உயிரியலை விட்டவருக்கு மருத்துவம் எட்டாமல் போகும். காமர்ஸ் எடுத்தவரிடம், கிளாட் எழுதித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக எந்த குரூப்பும் தடையில்லை என்றோ, பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம் என்றோ, என்டிஏ தேர்வில் ராணுவப் பிரிவுக்கு எந்தப் பாடம் படித்தவரும் போட்டியிடலாம் என்றோ அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் சொல்வதில்லை. சொல்லாததற்கு ஆசிரியரைக் குறை கூற முடியாது. அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். அவரே வேதியியல் பாடமும் நடத்த வேண்டியவர்.

இந்தக் குறையை அரசு கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டமும், அதே ஆண்டில் அதன் தொடர்ச்சியாக வந்த ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும், அரசுப் பள்ளி மாணவருக்கு வழிகாட்டுதல் கிடைக்க வேண்டும் என்பதை ஒரு கடமையாகவே ஏற்றுக்கொண்டவை. அதற்கு முன் வழிகாட்டுதல் என்பது, நகரத்துத் திருமண மண்டபத்தில் நடக்கும் கல்விக் கண்காட்சிக்குப் பேருந்து ஏறிப் போகக்கூடிய குடும்பங்களுக்கு மட்டும் கிடைத்தது. அங்கேயும் வழிகாட்டுபவர் யார், கடை விரித்திருப்பவர் யார் என்று பிரித்தறிவது கடினம். அரங்கின் வாசலில் சுயநிதிக் கல்லூரிகளின் மேசைகள், மேடையின் பின்னணியில் அவற்றின் பெயர்ப்பலகைகள். அந்த மேடையில் நிற்பவர் “உன் பிள்ளைக்குப் பாலிடெக்னிக்தான் பொருத்தம்” என்று ஒரு தகப்பனிடம் சொல்வது அரிது. மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் ஏற்று நடத்தும் நிகழ்ச்சியில் அந்தத் தடை இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அரசு நிகழ்ச்சிகள் மதிக்கத்தக்கவை.

அவற்றைவிடவும் பயனுள்ளது ‘உயர்வுக்குப் படி’ என்ற முயற்சி. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைப் பட்டியலிட்டு, தொலைபேசியில் கூப்பிட்டு, முகாமுக்கு வரவழைத்து, அங்கேயே கல்லூரியிலோ ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்க்க முயல்வது அதன் முறை. கல்வித் துறையிடம் ஒவ்வொரு மாணவரின் விவரமும் கணினியில் இருப்பதால்தான் இது கைகூடுகிறது. யார் வந்தார்கள் என்று எண்ணுவதைவிட யார் வரவில்லை என்று தேடிப் போவது அரசு எந்திரத்துக்குப் பழக்கமில்லாத வேலை. அதைச் செய்யத் தொடங்கியிருப்பது பெரிய மாற்றம்.

இத்தகைய முகாம்களில் மேடைப் பேச்சைவிட ஓரத்து மேசைகளுக்கே மதிப்பு அதிகம். ஒரு கிராமத்துப் பிள்ளை கல்லூரிக்குப் போகாமல் நிற்பதற்கு ஆர்வமின்மையைவிடக் காகிதமே பல நேரங்களில் காரணமாகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டும்; விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில். இவை எல்லாம் சட்டத்திலும் அரசாணையிலும் இருக்கின்றன. பிள்ளையின் கைக்கு வந்து சேர, நடுவில் ஒருவர் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தர வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முயற்சியின் பெரும்பகுதி பிளஸ் டூ மாணவரை நோக்கியே திரும்பியிருக்கிறது. அதாவது பாதை பிரிந்து இரண்டு ஆண்டு கழித்து வழி சொல்கிறோம். காமர்ஸ் பிள்ளைகளும் அறிவியல் பிள்ளைகளும் ஒரே அரங்கில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, அவர்களில் பாதிப் பேர் இனி சேரவே முடியாத படிப்புகளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்ல ஒரு பணியகம் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ், இந்த வேலையை மூன்று கூறாகப் பிரித்தார். ஒருவர் தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பகுப்பு பழசாகவில்லை. அதை வைத்துப் பார்த்தால், நம் பள்ளிகளில் நடப்பது இரண்டாவது கூறின் ஒரு பாதி மட்டுமே. படிப்புகளைப் பற்றிச் சொல்கிறோம். வேலைகளைப் பற்றிச் சொல்வதில்லை. எந்த நுழைவுத் தேர்வு எந்த மாதம் என்று கையேட்டில் இருக்கும். ஒரு கட்டடப் பொறியாளரின் நாள் எப்படிப் போகும், செவிலியரின் இரவுப் பணி எப்படி இருக்கும், ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தொழிற்சாலையில் சேரும் டிப்ளமோ படித்தவர் பத்து ஆண்டில் எங்கே நிற்பார் என்று பிள்ளைக்குத் தெரியாது. முதல் கூறுக்கு வினாத்தாள் நாட்டமறித் தேர்வுகள் உண்டு. அருங்காட்சியகத்தையோ ஆய்வகத்தையோ நேரில் பார்த்தே இராத மலைக்கிராமத்துப் பிள்ளை “அங்கே வேலை செய்ய விருப்பமா?” என்ற கேள்விக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்? பார்க்காத ஒன்றில் நாட்டம் பிறக்காது. அந்த விடைத்தாள் அவள் வாழ்ந்த ஊரின் எல்லையைத்தான் காட்டும்.

மூன்றாவது கூறை எந்த மண்டபத்திலும் நடத்த முடியாது. அது ஒருவர் முன் ஒருவர் உட்கார்ந்து பேசும் வேலை. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சில் பெற்றோரும் இருந்தே ஆக வேண்டும். “பொம்பளப் புள்ள, பஸ்ஸு மாறாம போய்வர்ற காலேஜ் போதும்” என்று ஒரு தாய் சொன்னால், அதற்குள் அச்சம் இருக்கிறது, பணக் கணக்கு இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது. விடுதியில் இடம் உண்டா, யார் பொறுப்பு, மாதம் என்ன செலவு என்று பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்தத் தாயிடம் அரை மணி நேரம் பேசினால் முடிவு மாற வாய்ப்புண்டு. ஒலிபெருக்கி அதைச் செய்யாது.

இங்கிலாந்தில் 2014இல் கேட்ஸ்பி அறக்கட்டளை, நல்ல வழிகாட்டுதலுக்கான எட்டு அளவுகோல்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று, ஒவ்வொரு மாணவரும் 16 வயதுக்குள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரைத் தனியாக ஒரு முறையாவது சந்தித்திருக்க வேண்டும் என்பது. இன்னொன்று, பணியிடத்தை நேரில் பார்த்த அனுபவம். பின்லாந்தில் வழிகாட்டுதல் பள்ளிப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அதற்கெனத் தனியே தகுதி பெற்ற ஆசிரியர் உண்டு. அந்த நாடுகளின் பணமும் வகுப்பறை அளவும் வேறு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 16 வயது என்ற கணக்கு நமக்கு அப்படியே பொருந்துகிறது; அது பத்தாம் வகுப்பு முடிக்கும் வயது.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் வலு உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவருவதில் இந்த மாநிலம் நெடுந்தூரம் வந்துவிட்டது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை இன்னும் கட் ஆஃபும் பக்கத்து வீட்டு அண்ணனும்தான் முடிவு செய்கிறார்கள். கணிதத்துக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து நூறு என்று 200க்குக் கணக்கிடும் முறை எளிமையானது, நேர்மையானது. தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு நீங்கிய பிறகு கிராமப்புற மாணவருக்கு அது துணையாகவும் நின்றது. ஆனால் 195 வாங்கியவர் ‘மார்க் வீணாகக் கூடாது’ என்பதற்காகத் தனக்குப் பிடிக்காத பிரிவை எடுப்பதைத் தடுக்கும் வேலையை ஓர் எண்ணிடம் ஒப்படைக்க முடியாது.

குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத்தான் இழப்பு அதிகம். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு படித்து, அங்கிருந்து நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழி பல ஆண்டுகளாகத் திறந்திருக்கிறது. அதைத் தோற்றவர் போகும் பாதையாகப் பேசிப் பேசியே பல பிள்ளைகளை அந்தப் பக்கம் திரும்பவிடாமல் செய்துவிட்டோம். மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் குரூப் பிரிக்கும் பழக்கம், கையால் செய்யும் வேலை கடைசி வரிசைக்காரருக்கு உரியது என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. வழிகாட்டுதலின் பெயரில் நடக்கும் கேடுகளில் இதுவே பெரியது.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் அல்ல. பிளஸ் டூவுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மாற்ற வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவராவது முழுநேர ஆலோசகர் வேண்டும். வேறு பாட வேலை அவருக்குத் தரக் கூடாது. அவர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோரே பெரும்பான்மை. பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோர், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நடக்கும் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கையை எழுந்து சொல்லட்டும்: குரூப் படிவத்தைக் கையில் கொடுக்கும் முன், எங்கள் பிள்ளையோடும் எங்களோடும் ஓர் ஆசிரியர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும்.