நிஃபாக்கும் நயவஞ்சகமும்

'நிஃபாக்' என்னும் அரபுச் சொல்லுக்கு நாம் 'நயவஞ்சகம்' என்றே பொருள் கூறி வருகிறோம். நயமாகப் பேசி வஞ்சிப்பதை இத்தமிழ்ச் சொல் செம்மையாக உணர்த்துகிறது. திருக்குர்ஆனின் 63ஆம் அத்தியாயமான 'அல்முனாஃபிகூன்' அத்தகையோரின் பேச்சுக் கவர்ச்சியைச் சுட்டவும் செய்கிறது.

ஆயினும் மூலச்சொல் இன்னும் ஆழமானது. 'யர்பூஃ' என்னும் பாலைவன எலி தன் வளையின் ஒரு வாயிலை மெல்லிய மண்ணால் மறைத்து வைக்கும். ஆபத்து நேர்ந்தால் அதைத் தலையால் முட்டித் திறந்து தப்பிவிடும். அம்மறைவாயிலின் பெயர் 'நாஃபிகா'. அரபு அகராதியாளர் பலர் நிஃபாக்கை இதனோடு இணைத்தே விளக்குவர். எனவே இச்சொல்லின் உயிர் பேச்சின் இனிமையில் இல்லை. மார்க்கத்தில் நுழையும்போதே வெளியேறும் வழியை உள்ளத்தில் ஒளித்து வைப்பதில் இருக்கிறது.

தமிழ்ச் சொல்லில் இந்த அகப்பொருள் மங்கிவிட்டது. அதனால்தான் போலும், கருத்து மாறுபட்டவரையெல்லாம் மேடைகளில் 'நயவஞ்சகர்' என்று எளிதில் ஏசிவிடுகிறோம். பிறர் உள்ளத்து வளையை நாம் எவ்வாறு அறிவோம்? நபி (ஸல்) அவர்களின் அவையில் வாய்த்த உள்ளநிலை இல்லத்தில் நிலைக்கவில்லையே என்று வருந்திய ஹன்ழலா (ரலி) அவர்கள், தம்மையே முனாஃபிக் என்று அஞ்சியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. அன்னாரின் நாவில் அச்சொல் தன்னாய்வாக இருந்தது. நம் நாவிலோ வசையாகிவிட்டது.