வியாழனை இரண்டு இரவு பாருங்கள்

குருப்பெயர்ச்சி அன்று ஆலங்குடி குரு கோயிலில் நிற்க இடம் இருக்காது. எந்த ராசிக்கு யோகம், யாருக்குப் பரிகாரம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். அந்தக் குரு இன்று ராத்திரி வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் கை காட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். சூரியனைச் சுற்றிவர குருவாகிய வியாழனுக்கு ஏறக்குறைய 12 வருடம் ஆகிறது. ராசிக்கு ஒரு வருடம் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளி இதைவிடப் பிரகாசமானது. ஆனால் அது அந்தியில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோதான் தெரியும். நடுராத்திரியில் உச்சி வானத்தில், கண் சிமிட்டாமல் பளிச்சென்று வெள்ளையாக நின்றால் அது வியாழன். சுமார் 13 மாதத்துக்கு ஒருமுறை, சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதித்து விடியும்வரை இருக்கும். பார்க்க அதுவே நல்ல காலம்.

கடையில் 10×50 என்று விற்கும் சாதாரண பைனாகுலர் போதும். கை நடுக்கம்தான் எதிரி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். நாசா படங்களில் வரும் செந்நிறப் பெரும்புள்ளியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தெரிவது ஒரு சின்ன வெள்ளை வட்டம், அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் சில ஒளிப்புள்ளிகள். அதிகபட்சம் நான்கு. சில நாள் இரண்டுதான் தெரியும். மற்றவை வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும்.

இதோடு பைனாகுலரை உறையில் போடுகிறவர்கள் விஷயத்தையே தவறவிடுகிறார்கள். ஒரு தாளில் வட்டம் போட்டு, புள்ளிகள் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்து, மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வரிசை கலைந்திருக்கும். பதுவா நகரில் 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ மூன்று புள்ளிகளைப் பார்த்து விண்மீன்கள் என்றே எண்ணினார். மறுநாள் அவை இடம் மாறி நின்றன. நான்காவது 13ஆம் தேதி கண்ணில் பட்டது. அவை வியாழனைச் சுற்றும் நிலாக்கள். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

எந்தப் புள்ளி எது என்று ஸ்டெல்லேரியம் செயலி சொல்லிவிடும். அதைத் திறப்பது தாளில் குறித்த பிறகு இருக்கட்டும். விடையை முதலில் பார்த்தால் சுவை போய்விடும்.

வியாழனை ஒட்டி ஓடும் அயோ 42 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்றை முடிக்கிறது. யூரோப்பாவுக்கு மூன்றரை நாள், கானிமீடுக்கு ஒரு வாரம், தள்ளி இருக்கும் காலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட 17 நாள். கிட்டே இருப்பது வேகமாக ஓடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழும். கண்ணுக்கே தெரியாத ஈர்ப்பு விசை வேலை செய்வதை மாடியிலிருந்தே பார்க்க முடிகிறது. தூரமும் சுற்றும் நேரமும் தெரிந்தால் வியாழனின் நிறையையே கணக்கிடலாம். அது 318 பூமிகளுக்குச் சமம்.

இன்னும் கூர்ந்தால் தாளம் பிடிபடும். கானிமீடு ஒருமுறை சுற்றுவதற்குள் யூரோப்பா இருமுறை, அயோ நான்கு முறை. இந்த ஒழுங்கில் ஒன்றையொன்று இழுப்பதால் அயோவின் பாதை சரியான வட்டமாக அமைய முடியாது. வியாழன் அதைக் கிட்டே வரும்போது இறுக்கி, விலகும்போது தளர்த்துகிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடேறுகிற மாதிரி அயோவின் உட்புறம் கொதிக்கிறது. 1979 மார்ச் தொடக்கத்தில் விஞ்ஞானி ஸ்டான்டன் பீலும் இரு சகாக்களும் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். சில நாளிலேயே வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் அயோவின் எரிமலைப் புகையைப் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கண்டுபிடித்தார். அறிவியலில் இப்படிச் சுடச்சுடப் பலிப்பது அபூர்வம்.

அதே பிசைதல் யூரோப்பாவில் மிதமாக நடக்கிறது. மேலே உறைந்த பனி. அடியில் பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்ததைப்போல இரு மடங்கு நீர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அங்கே விழும் வெயில் நமக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 27இல் ஒரு பங்குதான். சூரியனிலிருந்து சரியான தூரத்தில் இருந்தால்தான் உயிர் என்ற பழைய கணக்கில் யூரோப்பா தேறாது. ஆனால் 1977இல் கலாபகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, வெயிலே படாத இருட்டில் புழுக்களும் சிப்பிகளும் கூட்டமாக வாழ்வது தெரியவந்தது. நீர், வெப்பம், தேவையான வேதிப்பொருட்கள் இருக்கின்றனவா என்று கேள்வி மாறியது.

2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். யூரோப்பாவை ஏறக்குறைய 50 முறை நெருங்கிப் பறந்து ஆராய்வது திட்டம். உயிரை நேரடியாகக் கண்டுபிடிப்பது அதன் வேலையல்ல. உயிர் தாங்கும் இடமா என்று பார்ப்பது மட்டுமே.