பட்டியலும் படுக்கையும்

1848-49ஆம் ஆண்டுகளில் காலரா லண்டன் மாநகரைச் சூறையாடிச் சென்றபின், அங்கே ஜனன மரணப் பதிவுத் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்துவந்த வில்லியம் ஃபார் என்னும் அறிஞர், மாண்டோர் கணக்கை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து அடுக்கிப் பார்த்து, தேம்ஸ் நதி மட்டத்திலிருந்து நிலம் உயர உயரச் சாவு குறைகிறது என்றொரு விதியை 1852இல் வெளியிட்டார். கணக்கில் பிழையில்லை; அட்டவணையும் வியக்கத்தக்கவாறு பொருந்திற்று; காரணம்தான் தவறு. ஆற்றோரச் சேற்றிலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்க்கு மூலம் என்று அவர் முன்பே நம்பியிருந்தார். அந்தப் பொருத்தம் அந்நம்பிக்கைக்குச் சாட்சியாக வந்து நின்றது. குடிநீரையும் அவர் எண்ணாமல் விட்டாரில்லை. உயரத்தின் கணக்கு கண்ணைப் பறித்தமையால் தண்ணீர் பின்வரிசைக்குப் போயிற்று.

1854இல் நோய் மீண்டும் வந்தபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவில் பின்னிக் கிடந்த தென்லண்டனில், மரணம் நேர்ந்த வீடுகளுக்கெல்லாம் ஆள்விட்டும் தாமே சென்றும் விசாரித்தார். எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்பதே பல குடித்தனக்காரர்களுக்குத் தெரியாதிருக்க, நீரில் கரைந்திருந்த உப்பைச் சோதித்து அதையும் அறிந்துகொண்டார். ஒரு கம்பெனியின் வாடிக்கை வீடுகளில் பத்தாயிரத்துக்கு 315 மரணம், மற்றதில் 37. இவ்வளவுக்கும் மாண்டோரின் பட்டியலை அவருக்குக் கொடுத்துதவியது ஃபாருடைய அலுவலகமே. பட்டியல் இல்லையேல் ஸ்நோ எந்தக் கதவைத் தட்டுவதென்று அறியார். கதவைத் தட்டாதவரையில் பட்டியல் தன் பொருளைச் சொல்லவில்லை.

இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல பல்கலைக்கழகங்கள் முதுநிலைப் பட்டத்துக்குக் கற்பிக்கும் சுகாதாரத் தரவு அறிவியல், இவ்விருவருக்கும் வாரிசு என்று சொல்லத்தக்கது. அது ஃபாரின் கணிதத்தை வெகு சிறப்பாகக் கற்பிக்கிறது, ஸ்நோவின் நடையை ஏறக்குறைய மறந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவது நியாயம். பிரிட்டனில் இது பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. 180 கிரெடிட் கொண்டது. புள்ளியியல், கொள்ளைநோயியல், ஆர், பைத்தான் போன்ற நிரல்மொழிகள், தரவுத்தளத்தைக் கேட்டறியும் முறை, இயந்திரக் கற்றல், அந்தரங்கம் காக்கும் சட்டமும் அறமும் ஆகியவற்றைப் பயின்றபின், இறுதி மாதங்களில் மாணவர் ஆய்வேடு ஒன்றை எழுதுகிறார். கணிதப் பட்டதாரியும் மருத்துவரும் கம்ப்யூட்டர் பொறியாளரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒருவர் பாஷையை மற்றவர் கற்பது சாமானியமான லாபமன்று. 2020இல் இங்கிலாந்தின் ஓப்பன்சேஃப்லி திட்டம், சுமார் 1.7 கோடிப் பேருடைய மருத்துவக் குறிப்புகளை அவை இருந்த இடத்தைவிட்டு நகர்த்தாமலே ஆராய்ந்து, கோவிட் மரணம் யாரை அதிகம் நெருங்குகிறது என்பதைச் சில மாதங்களுக்குள் கூறியதோடு, கணக்கிட்ட நிரலையும் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. அத்தகைய பணிக்கு இந்தப் பயிற்சி பெற்றோரே தேவை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை, அதே நாட்டில், பழைய எக்செல் கோப்பு 65,536 வரிசைகளுக்குமேல் கொள்ளாது என்பதை எவரும் கவனியாமையால், ஏறத்தாழ 16,000 தொற்றாளர் விவரங்கள் தினசரிக் கணக்கிலிருந்து நழுவின. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமாயிற்று. கோப்பைக் கையாளும் எளிய தொழில் எத்தனை உயிர்களோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுவதில்லை.

குறை எங்கே தொடங்குகிறது? மாணவரின் கைக்குத் தரவு வந்துசேரும் விதத்தில் என்பேன். பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தோருடைய குறிப்புகளைப் பெயர் நீக்கித் தொகுத்த மிமிக் என்னும் களஞ்சியம், ஆய்வறப் பயிற்சி முடித்த எவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அது பெரிய தர்மகாரியம், ஐயமில்லை. எனினும், உலகெங்கும் எத்தனையோ மாணவர்கள் ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைக் கொண்டு மனித நோயைக் கற்கிறார்கள் என்பதும், அந்த எண்களை எழுதிய செவிலியரை ஒருநாளும் காணாமலே பட்டம் பெறுகிறார்கள் என்பதும் சிந்திக்கத்தக்கவை. பாஸ்டனிலேயே இரண்டு மருத்துவமனைகளின் ஆவணங்களைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பல ரத்தப் பரிசோதனைகளில் முடிவைக் காட்டிலும் பரிசோதனைக்கு உத்தரவிட்ட நேரமே நோயாளி பிழைப்பாரா என்பதை நன்றாக முன்னறிவித்தது என்று காட்டிற்று. நள்ளிரவு கடந்தபின் ரத்தம் எடுக்கச் சொன்ன மருத்துவரின் கவலை அந்த நேரத்தில் பதிந்திருக்கிறது. அதை உடலின் செய்தியாக மட்டும் படிப்பவர் ஏமாறுவார்.

அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளைப் பற்றி 1990களில் நடந்த ஆராய்ச்சியின் கதை இதனினும் கூர்மையானது. ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா கண்டால் மரண அபாயம் குறைவு என்று கணிப்பொறி கற்றுக்கொண்டது. உண்மையில், அவர்களை நேரே தீவிர சிகிச்சைக்கு அனுப்பி உயர்ந்த கவனம் செலுத்தியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். விதிகளை வாக்கியமாக எழுதிக் காட்டிய முறையொன்றும் உடன் பரிசீலிக்கப்பட்டதனால் இந்த விபரீதம் வெளிப்பட்டது. துல்லியத்தில் மிஞ்சியிருந்த நரம்பு வலையமைப்போ வாய் திறவாமல் அதே பிழையை வயிற்றில் வைத்திருக்கக்கூடும் என்றெண்ணி, அதை நோயாளிகளிடம் பயன்படுத்தாமல் நிறுத்தினார்கள். 2019இல் அம்பலமான வேறொரு கருவி, வருங்காலச் செலவையே நோயின் கடுமையாகக் கொண்டமையால், செலவழிக்க வாய்ப்புக் குறைந்த கறுப்பினத்தாரை ஆரோக்கியசாலிகளாக எண்ணிற்று. அதைத் திருத்தினால், கூடுதல் உதவி பெறுவோருள் அவர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். எதை எண்ணுவது என்று தீர்மானித்த இடத்திலேயே தவறு நிகழ்ந்துவிட்டது. பிறகு வந்த கணிதம் குற்றமற்றது.

படுக்கையருகை மருத்துவரும் பட்டியலைத் தரவு நிபுணரும் பார்த்துக்கொண்டால் போதாதா, ஓராண்டுக்குள் எல்லாவற்றையும் எப்படித் திணிப்பது என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் மேற்சொன்ன பிழைகள் யாவும் அவ்விரு வேலைகளும் சந்திக்கும் இடுக்கில் பிறந்தவை. அந்த இடுக்குக்குக் காவலாளி வேண்டும் என்றுதானே இந்தப் படிப்பே உண்டாயிற்று? நேரத்தைப் பொறுத்தவரை, இவ்வாண்டு புதுமையாக விளங்கும் வழிமுறைகளில் இரண்டொன்றைக் குறைத்தாலும் நஷ்டமில்லை. அவற்றை வேலையில் சேர்ந்தபின் ஒரு மாதத்தில் கற்கலாம். அப்படி மிஞ்சும் நேரத்தில், மருத்துவரின் கையெழுத்து நோய்க்குறியீடாக மாறும் பதிவறையிலும், வார்டிலும் சில வாரங்கள் மாணவரை உட்காரவைக்கலாம். ஆய்வேட்டிலும், கணிப்பின் துல்லியத்தைக் கேட்குமுன், இந்த எண் யாரால், எதற்காக, எந்த வேளையில் இங்கே எழுதப்பட்டது என்று கேட்டு அதற்கும் மதிப்பெண் தரலாம்.

ஃபாரின் கதை 1852இல் முடியவில்லை. 1866இல் காலரா கிழக்கு லண்டனைத் தாக்கியபோது, அவருடைய சொந்தக் கணக்கே ஒரு தண்ணீர்க் கம்பெனியைச் சுட்டிக்காட்ட, அவர் தம் பழைய கொள்கையைக் கைவிட்டுத் தண்ணீரே காரணம் என்று வாதாடினார். அட்டவணையிலிருந்து தண்ணீருக்கு வந்துசேர அந்த மேதைக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. ஓராண்டுப் படிப்பில் அதற்கெனச் சில வாரங்கள் கேட்பது பேராசையாகாது.