ஆடைக்கு அளவெடுத்த சட்டகம்
பெண்களின் துவிச்சக்கர வண்டி பற்றிய ஒரு விமரிசன நோக்கு

இலக்கியத்தை விமரிசிக்கப் பழகிய நாம், அன்றாடம் கையாளும் பொருள்களை விமரிசனத்துக்கு உரியனவாகக் கொள்வது அரிது. கவிதை ஒன்றில் ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் வந்தது என வினவுகிறோம். கடைவாசலில் நிற்கும் 'லேடீஸ் சைக்கிளின்' குழாய் ஏன் வளைந்து தாழ்ந்து கிடக்கிறது என வினவுவதில்லை. ஆயின் ஒரு கருவியின் வடிவமும் ஒருவகைப் பனுவலே. அதை ஆக்கியோர் யாரை மனத்திற் கொண்டிருந்தனர், எதனை இயல்பு எனக் கருதினர் என்பன அவ்வடிவத்திலேயே எழுதப்பட்டுள்ளன. 'பெண்களுக்கான துவிச்சக்கர வண்டி' எனும் வகையை இந்நோக்கில் வாசிப்பதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

துவிச்சக்கர வண்டி பெண்ணுக்கு விடுதலை தந்தது என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் கூற்று. அமெரிக்கப் பெண் வாக்குரிமை இயக்கத் தலைவி சூசன் பி. அந்தனி, பெண் விடுதலைக்கு உலகில் வேறெதனையும் விட அதிகமாக உதவியது இவ்வண்டியே என 1896 இல் கருத்துரைத்தமை பலரும் அறிந்தது. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அதை எடுத்தாளுவோர் ஒரு வினாவை எழுப்பாமலே கடந்து விடுகின்றனர். எந்த வண்டி? அது யாருடைய அளவுக்கு அமைந்த வண்டி?

ஜோன் கெம்ப் ஸ்ரார்லி 1885 இல் இங்கிலாந்தில் உருவாக்கிய 'ரோவர்' வண்டியுடன் இன்றைய துவிச்சக்கர வண்டியின் வரலாறு தொடங்குகிறது எனலாம். முன்னைய வண்டியின் மாபெரும் முன்சில்லு மறைந்து, ஏறத்தாழச் சம அளவான இரு சில்லுகளும் சங்கிலியும் வந்தன. அதனைத் தொடர்ந்து வைர வடிவச் சட்டகம் நிலைபெற்றது. ஆசனத்தின் கீழிருந்து கைபிடிவரை செல்லும் மேற்குழாயே, நாம் 'பார்' என்பதே, அச்சட்டகத்தின் முக்கோணத்தை நிறைவு செய்கிறது. முக்கோணம் எளிதில் நெளியாது. எனவே மெல்லிய குழாய்களாலேயே உறுதியான வண்டியைக் கட்ட முடிந்தது.

1880களின் இறுதியில் பெண்களுக்கெனத் தனி வண்டிகள் விற்பனைக்கு வந்தபோது அகற்றப்பட்டது இந்த மேற்குழாயே. நீண்ட பாவாடை அணிந்தவர் காலைத் தூக்கி வைக்க வேண்டாதவாறு அது தாழ்த்தப்பட்டது. ஆடை சிக்காதிருக்கப் பின்சில்லின் மேல் நூல்வலை கட்டப்பட்டது. சங்கிலிக்கும் உறை வந்தது. முக்கோணம் குலைந்தமையால், முறுக்கும் விசையைத் தாங்கத் தடித்த குழாய்கள் தேவைப்பட்டன, பாரமும் கூடியது. இம்மாற்றங்களுள் ஒன்றேனும் பெண்ணின் கை நீளத்தையோ கால் நீளத்தையோ இடுப்பெலும்பின் அகலத்தையோ கருத்திற் கொண்டு செய்யப்பட்டதன்று. அளவெடுக்கப்பட்டது ஆடைக்கே, உடலுக்கன்று. சுமையை மட்டும் உடல் தாங்கிற்று.

அக்காலத்துப் பெண்கள் சிலர் இதனை நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்களது தேர்வே சான்று. 1893 இல் 16 வயதான தெசி ரெனோல்ட்ஸ் பிரைற்றனிலிருந்து இலண்டன் சென்று எட்டரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் திரும்பினார். அவர் ஏறியது ஆண்களுக்கான வண்டி, அணிந்தது காற்சட்டை. பத்திரிகைகள் அவரது வேகத்தை விட உடையைப் பற்றியே அதிகம் வாதிட்டன. அடுத்த ஆண்டு, அனி லண்டன்டெறி என்ற பெயரால் அறியப்பட்ட அனி கொப்சொவ்ஸ்கி உலகைச் சுற்றிவரப் பொஸ்டனிலிருந்து புறப்பட்டார். நீண்ட பாவாடையுடன் அவர் செலுத்திய 'கொலம்பியா' பெண்கள் வண்டியின் பாரம் 42 இறாத்தல். சிக்காகோவை அடைந்ததும் அதைக் கைவிட்டு, அதன் பாதியளவே பாரமுள்ள 'ஸ்ரேர்லிங்' ஆண்கள் வண்டியை ஏற்றார், உடையையும் மாற்றினார். சட்டகமும் ஆடையும் ஒரே நேரத்தில் மாறியமை தற்செயலன்று. ஒன்று மற்றதன் பொருட்டே உருவாகியிருந்தது.

இதனால் தாழ்ந்த சட்டகத்தை முற்றாக நிராகரிக்க வேண்டும் என்று கொள்வது வரலாற்று உணர்வற்ற முடிவாகும். 1898 இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி அகன்ற காற்சட்டையணிந்து சைக்கிளில் வந்தபோது இங்கிலாந்தின் சரே பகுதி விடுதியொன்று அவருக்குக் கோப்பி அறையில் இடம் மறுத்தது. மறு ஆண்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது தீர்ப்பு விடுதிக்கே சாதகமாயிற்று. செல்வாக்குள்ள ஒருவருக்கே இந்நிலை எனின், சாதாரணப் பெண் பாவாடையுடன் ஏறக்கூடிய வண்டியன்றி வேறெதனைத் தேடியிருக்க முடியும்? தாழ்ந்த சட்டகம் சமூகக் கட்டுப்பாட்டுடன் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். அவ்வொப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். நமது விமரிசனம் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் மீதன்று. ஒப்பந்தத்தையே இயற்கை விதியாக்கிய கருத்துநிலை மீதாகும்.

உடலுக்கு அளவெடுக்கும் முயற்சி உற்பத்தியில் தெளிவாக வெளிப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. பொறியியல் கற்ற ஜோர்ஜினா ரெறி நியூயோர்க் மாநிலத்தில் 1985 இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்துச் சிறிய அளவு வண்டிகளில் ஆசனக் குழாய் குறுகியிருந்தது. ஆனால் ஆசனத்துக்கும் கைபிடிக்குமிடையிலான தூரம் அதற்கேற்பக் குறைந்திருக்கவில்லை. ஐந்தடி உயரமான ஒருவர் அதில் ஏறினால், எட்டாத கைபிடியை எட்டுவதற்காகத் தோளையும் கழுத்தையும் வருத்த வேண்டியிருந்தது. அத்தூரத்தைக் குறைக்க முயன்றால், மிதிக்கும் காலின் பெருவிரல் திரும்பும் முன்சில்லில் முட்டும். ரெறி மேற்குழாயைக் குறுக்கி, சிறிய அளவு வண்டிகளில் முன்சில்லை 24 அங்குலமாகச் சிறிதாக்கி இச்சிக்கலைத் தீர்த்தார். அழகில்லை என்று சிலர் கருதியிருக்கலாம். ஆயினும் 'பொதுவானது' எனப்பட்ட வண்டி உண்மையிற் சராசரி ஆணின் வண்டியே என்பதை அச்சிறு சில்லு வெளிப்படுத்திற்று. அவ்வகையில் அது ஒரு விமரிசனச் செயல் எனலாம்.

ஆனால் சந்தை அவ்விமரிசனத்தை எடுத்துக்கொண்ட விதம் வேறு. பெரு நிறுவனங்கள் பல 'பெண்களுக்கென வடிவமைத்தது' எனும் முத்திரையைத் தமதாக்கின. சில உண்மையாகவே கைபிடியின் அகலத்தையும் பிறேக் பிடியின் எட்டுத்தூரத்தையும் திருத்தின. வேறு சில, இருந்த வண்டியைச் சிறிதாக்கி இளஞ்சிவப்புப் பூசியதோடு அமைந்தன. பெண்ணுக்குக் கால் நீளம், உடல் குறுக்கம் என்ற பொதுமை ஒரு சூத்திரமாக ஓதப்பட்டது. 2019 இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் வேறொரு முடிவை வெளியிட்டது. வண்டியோட்டிகளின் உடல் அளவுகளைத் திரட்டி நோக்கியதில், ஆணுக்கும் பெண்ணுக்குமிடையிலான வேறுபாட்டை விட ஒரே பாலினருக்குள் காணப்படும் வேறுபாடே பெரிது என்றும், பால் அடிப்படையில் தனிச் சட்டகம் அவசியமில்லை என்றும் அது கூறிற்று. இதற்கு மாறாக, தாய்வானின் ஜயன்ற் நிறுவனத்திலிருந்து பொனி டூவின் முயற்சியால் தோன்றிய 'லிவ்', பெண்களின் அளவுகளிலிருந்து தொடங்கிய தனி வடிவமைப்பே வேண்டும் என வாதிடுகிறது.

இவ்விரு தரப்பினரும் விற்பனையாளர் என்பதை மறத்தலாகாது. எனினும் இவ்விவாதத்தில் அடங்கிய தருக்கம் மனங்கொள்ளத்தக்கது. பெண்கள் சராசரியாக உயரம் குறைந்தோர்; தோள் ஒடுங்கியோர்; அமரும் எலும்புகளிடையே அகலம் கூடியோர். ஆனால் வண்டியில் ஏறுவது சராசரி அன்று, ஒரு தனியாள். நெடிய பெண்ணும் குறுகிய ஆணும் உள்ள உலகில், பாலைக் கொண்டு அளவைத் தீர்மானிப்பது இருவருக்கும் அநீதி. அதேவேளை, 'பால் வேறுபாடு இல்லை' என்ற முழக்கத்தின் கீழ்ச் சிறிய அளவுகளையே உற்பத்தியிலிருந்து கைவிட்டால், மீண்டும் சராசரி ஆணின் வண்டியே பொதுவண்டியாகிவிடும். எனவே, முத்திரை ஒழிய வேண்டும். அம்முத்திரையின் பெயரால் வென்றெடுத்த அளவுகள் ஒழியக்கூடாது.

உடல் மட்டுமே அளவுகோலாகப் போதுமா எனும் வினாவுக்குப் புதுக்கோட்டை விடை தருகிறது. தமிழ்நாட்டின் அம்மாவட்டத்தில் 1991 இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களிடையே பரப்பிற்று. பெருந்தொகையான கிராமப் பெண்கள் ஓட்டப் பழகினர். பத்திரிகையாளர் பி. சாயிநாத் பதிவுசெய்த ஒரு செய்தி நமது பொருளுக்கு மிக முக்கியமானது. பெண்களுக்கான வண்டிகளுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது பலர் ஆண்கள் வண்டியையே பயன்படுத்தினர். சிலர் அதனையே விரும்பினர். காரணம், ஆசனத்துக்கும் கைபிடிக்கும் இடையிலுள்ள 'பாரில்' குழந்தையை இருத்தலாம் என்பதே. இங்கிலாந்தின் வடிவமைப்பாளர் பெண்மையின் பெயரால் அகற்றிய குழாயை, புதுக்கோட்டைத் தாய் தனது உழைப்பின் பெயரால் மீட்டுக்கொண்டாள். பொருத்தம் என்பது உடலின் அளவு மட்டுமன்று. அவள் எதைச் சுமக்கிறாள், எங்கே போகிறாள் என்பதுமாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பாரிஸ் நகரில் 2007 இலும் இலண்டனில் 2010 இலும் தொடங்கிய பொது வாடகைச் சைக்கிள்களுக்கு மேற்குழாய் இல்லை. ஆணும் பெண்ணும் அவற்றிலேயே ஏறுகின்றனர். அவற்றைப் 'பெண்கள் வண்டி' என்று யாரும் சொல்வதில்லை. வேட்டியணிந்த முதியவருக்கும், பின்புறம் மூட்டை கட்டியவருக்கும் தாழ்ந்த சட்டகமே வசதி. ஆகவே வடிவம் ஒருபோதும் தவறானதன்று. அதற்கு ஒட்டப்பட்ட பெயரே தவறானது.

இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று. 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்து எரிபொருள் அற்றபோது, யாழ்ப்பாணத்துப் பெண்களின் போக்குவரத்தையும் கல்வியையும் தாங்கியது துவிச்சக்கர வண்டி. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் நாடு முழுவதும் மீண்டும் அதனை நாடிற்று. ஆயினும் கடையில் நாம் கேட்பதும் அவர்கள் காட்டுவதும் 'லேடீஸா, ஜென்ற்ஸா' என்ற இரண்டையே. சில்லின் அளவு சொல்லப்படுகிறது. சட்டகத்தின் நீளம் சொல்லப்படுவது அரிது. சேலையுடன் கற்பிக்கச் செல்லும் ஆசிரியைக்குத் தாழ்ந்த சட்டகம் தேவையாயின் அது அவரது உரிமை. ஆனால் அதன் பின்னரும் கேட்க வேண்டியவை உள்ளன. மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கிறதா? முழங்கையை விறைக்காமல் கைபிடியைப் பிடிக்க முடிகிறதா? விரல் நுனிக்குப் பிறேக் எட்டுகிறதா? ஆசனம் எலும்பைத் தாங்குகிறதா, தசையை அழுத்துகிறதா? இவற்றுக்கு விடை காணாது வாங்கிய வண்டியில் முதுகுவலி வந்தால், 'பெண்ணுக்குச் சைக்கிள் ஒத்துவராது' என்று சமூகம் தீர்ப்பளிக்கிறது. வடிவமைப்பின் குறை பெண்ணின் குறையாக எழுதப்படுவது இவ்வாறே.

தொகுத்து நோக்குமிடத்து, பெண்ணின் வண்டி முதலில் ஆடைக்கும், பின்னர் சராசரிக்கும் அளவெடுக்கப்பட்டது எனலாம். ஏறுபவளுக்கும் அவள் வேலைக்கும் அளவெடுப்பதே எஞ்சியுள்ள பணி. அது தொழிற்சாலையில் மட்டும் நிகழ்வதன்று. முத்திரையை ஏற்க மறுத்து, ஏறிப்பார்த்து, எட்டவில்லை என்று உரக்கச் சொல்லும் ஒவ்வொரு பெண்ணும் அப்பணியைத் தொடங்குகிறாள்.