பால்டரின் மரணமும் ஸ்னொரியின் எழுதுகோலும்

நோர்ஸ் புராணங்களைக் கற்க முற்படுவோர் பெரும்பாலும் ஒரே வாயிலினூடாகவே உட்புகுகின்றனர். அது ஐஸ்லாந்தின் அரசியற் பிரமுகரும் வரலாற்றாசிரியருமான ஸ்னொரி ஸ்டுர்லுசன் 1220 அளவில் இயற்றிய உரைநடை எட்டா ஆகும். பழைய தெய்வங்களை வழிபட்டோருக்காக எழுந்த நூலன்று இது. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தைத் தழுவி இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், பழங்கவிதைகளிற் பயின்ற புராணக் குறிப்புகளை இளங்கவிஞர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு எழுதப்பட்ட கைந்நூலாகும். எனவே அதன் கூற்றுகள் அனைத்தையும் பண்டைய மக்களின் நம்பிக்கையெனக் கொள்ளுதல் பொருந்துமா என்பது வினாவுக்குரியது.

பால்டரின் மரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்னொரியின் கதையில், பால்டருக்குத் தீங்கிழைப்பதில்லை என உலகப் பொருள்கள் யாவும் அவனது தாய் பிரிக்கிடம் சத்தியஞ் செய்கின்றன. மிக இளையதென விடப்பட்ட புல்லுருவியை லோகி கொணர்ந்து, குருடனான ஹோடரின் கையிற் கொடுத்து எறிவிக்கிறான். ஹோடர் வெறுங் கருவி. குற்றம் முழுவதும் லோகியுடையது. ஆனால் 1200ஐ அண்டி இலத்தீனில் எழுதிய டென்மார்க்கு நாட்டவரான சக்சோவிடத்து லோகிக்கு இக்கதையில் இடமே இல்லை. அங்கு ஹோடர் குருடனல்லன்; நன்னா என்னும் பெண்ணின் பொருட்டுப் பால்டருடன் போரிட்டு, வாளாற் காயப்படுத்திக் கொல்லும் வீரன். வொலுஸ்பா என்னும் பழம்பாடல் புல்லுருவியையும் ஹோடரையும் குறிப்பிடினும் சூழ்ச்சியை விவரிக்கவில்லை. லோகசென்னாவிலோ, பால்டர் இல்லாமைக்குத் தானே காரணமென லோகி பிரிக்கிடம் பெருமை பேசுகிறான். ஆகவே லோகியின் பங்கு ஸ்னொரியின் கற்பனையெனத் தள்ளிவிடவும் இயலாது. சிதறிக் கிடந்த குறிப்புகளைக் காரண காரியத் தொடர்ச்சியுடைய கதையாக்கியமையே அவரது சாதனை. ஆய்வாளனுக்கு இடர் விளைவிப்பதும் அதுவே.

பாடல்களை மூலமெனக் கொண்டு உரைநடையை ஒதுக்குவோரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அப்பாடல்களைத் தாங்கிய முதன்மைச் சுவடி 1270 அளவில், அதாவது 1241இல் ஸ்னொரி கொல்லப்பட்ட பின்னரே, எழுதப்பட்டது.

பால்டர் பாதாளத்தினின்றும் மீள, உலகமெல்லாம் அழவேண்டும் என்பது நிபந்தனை. தொக் என்னும் அரக்கி மாத்திரம் அழ மறுக்கிறாள். அவள் மாறுவேடம் பூண்ட லோகியே எனப் பிற்காலக் கதைநூல்கள் பல ஐயமின்றிக் கூறும். ஸ்னொரியோ, அவ்வாறு மனிதர் கருதுகின்றனர் என்றளவிலேயே நின்றுவிடுகிறார்.