குடிலன் பேசும்போது சீவகன் எங்கே நிற்கிறான்?

நாடகம் கற்பிக்கும் ஆசிரியர் செய்யுளை அறிவார், இலக்கணம் அறிவார், ஆண்டுகளையும் பிழையின்றி ஒப்புவிப்பார். மேடையை அறிவாரா? ஐயம் அங்கேதான் எழுகிறது.

'மனோன்மணீய'த்தை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட கவிதை நாடகம் அது. வகுப்பறையில் அது படும் பாடு என்ன? சொற்பொருள், அணி, பாவகை, அவ்வளவே! பாண்டியன் சீவகனைப் புகழுரையால் மயக்குகிறான் அமைச்சன் குடிலன். அவ்வேளை அரசன் எங்கே நிற்கிறான்? அவன் அறியாத வஞ்சகத்தை அவையோர் மட்டும் எவ்வாறு அறிந்தனர்? குடிலன் தனித்து நின்று தன் நெஞ்சைத் திறந்து காட்டியதால் அன்றோ! அதன்பின் அவன் பணிவாகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் நமக்கு ஒரு பொருளும் அரசனுக்கு வேறொரு பொருளும் தருகிறது. இதை விளக்காமல் உவமையை எண்ணிக்கொண்டிருப்பது நாடகப் பாடமா?

இறுதிக் களத்தைப் பாருங்கள். பலதேவனுக்கு மனோன்மணி மாலையிட வேண்டிய நேரம். அரசன் குடியைக் காக்க முனிவர் அமைத்த சுரங்கவழியே சேரன் புருடோத்தமன் வந்து நிற்கிறான். அவ்வழியைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கச் சென்ற குடிலன் தளையுண்டு உடன் வருகிறான். சுரங்கவாயிலை மேடையில் எங்கே அமைப்பது? மாணவரிடம் இதைக் கேளுங்கள். நாடகம் முழுவதையும் மீண்டும் படித்தாலொழிய அவர்களால் விடை கூற இயலாது.

வரலாற்றைக் கற்பிப்பதிலும் இதே குறைதான். அதே 1891-இல் பம்மல் சம்பந்தனார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் வேடமிட்டதால் நாடகத்துக்கு மதிப்பு வந்தது என்கிறோம். அவர் தொண்டு பெரிது, மறுப்பாரில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக ஆடியவனைக் 'கூத்தாடி' என்று இழித்த நாவுகள் அடங்கினவா? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் குழுவில் வளர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவ்வாழ்வின் இன்பதுன்பங்களை 'எனது நாடக வாழ்க்கை'யில் டி.கே.சண்முகம் எழுதிவைத்திருக்கிறார். நாடக ஆசிரியர் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பர்?

சட்டத்தையும் மறக்கலாகாது. 1876-இல் வெள்ளையர் ஆட்சி நாடகத்துக்கு விலங்கு பூட்டியது. விடுதலைக்குப் பின்னும், எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய புயலுக்கிடையே, 1954-இல் சென்னை அரசு புதிய நாடகச் சட்டம் கொணர்ந்தது. ஒரு நாடகத்தை ஆராய்வோர் அதைக் கண்டு அஞ்சியவர் யாவர் என்றும் கேட்க வேண்டாமா?

அடுத்தது அளவுகோல். தொடக்கம், சிக்கல், உச்சம், வீழ்ச்சி, முடிவு என ஐந்து பகுதி வகுத்துத் தெருக்கூத்தை அதில் அடைக்கப் பார்ப்பது வீண். இரவெல்லாம் நிகழும் கூத்தில், கதை முடிவை ஊரே முன்னறியும். திரைக்குப் பின் நிற்கும் வேந்தனையே 'நீர் யார்?' எனக் கேட்கும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. அவன் கேலியில் அரண்மனையும் வருகிறது, அவ்வூர்ச் செய்தியும் வருகிறது. அவனை வெறும் கோமாளி என்று குறிப்பேட்டில் எழுதவைக்கும் ஆசிரியர், ஓரிரவேனும் களரியின் முன் மாணவரோடு அமர்ந்து விடியும்வரை பார்க்கட்டும்.